மூன்றாம் விலை

களுவாஞ்சிகுடியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
எங்களிடம் மூன்று விலை.

முதல் விலைக்கு வெளிச்சம் மட்டும்.
மண்டபத்து டியூப் லைட் பூசிய பச்சையைக் கழுவி
கூறைச் சிவப்பைச் சிவப்பாக்கிக் கொடுப்போம்.
வேர்வை வேர்வையாகவே இருக்கும்.
சித்தப்பாவின் கொட்டாவியும் இருக்கும்.

இரண்டாம் விலைக்குத் தோல்.
பரு போகும். கண்ணுக்குக் கீழே மூன்று இரவு போகும்.
"மச்சத்தில் கை வைக்காதே," என்பார் சுகிர்தன் அண்ணன்,
"வேறு பெண் என்று சண்டைக்கு வருவார்கள்."
சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.
ஒருமுறை வந்திருக்கிறார்கள்.

காத்தான்குடிப் பென்டிரைவ்கள் அவர் கைக்குப் போவதில்லை.
பெண்வீட்டுச் சாச்சி ஒருத்தி ஆட்டோவில் கொண்டுவந்து
என்னிடம் தந்து, முடியும்வரை
பக்கத்துக் கதிரையில் இருப்பா.
திருத்துகிற கைக்கல்ல,
பார்த்ததை மறக்கிற கண்ணுக்குத்தான் அங்கே காசு.

மூன்றாம் விலைக்கு எல்லாம்.
மழையை நிறுத்துவோம்.
கல்லடிப் பாலத்தை மணவறைக்குப் பின்னால் கொண்டுவருவோம்.
வராதவரை வரவழைப்போம்.

தங்கேஸ்வரி அக்கா மூன்றாம் விலைக்கு வந்தவ.
"மகன் கட்டாரில. லீவு குடுக்கல்ல.
மாமிட கையில அந்தப் போன் வேணாம் மகள்,
ஆளையே நிப்பாட்டுங்க.
கோட் ஒண்டும் போடுங்க."
தந்தது பாஸ்போர்ட் சைஸ் படம்:
வெள்ளைச் சுவர், நேரே விழுந்த வெளிச்சம்,
சிரிக்கக் கூடாதென்று யாரோ சொல்லிவைத்த வாய்.

மண்டபத்தில் வெளிச்சம் இடப்பக்க யன்னலால் வந்தது.
அவனுடைய ஒரு கன்னத்தை நான் இருட்டாக்கினேன்.
கோட் வேறொரு மாப்பிள்ளையுடையது,
செட்டிபாளையம், போன ஆவணி.
கழுத்து பொருந்த இரண்டு மணித்தியாலம்.

அழிக்குமுன் போனைப் பெரிதாக்கினேன்.
திரை வெறும் வெள்ளை.
வெளிச்சத்தைக் கீழே இழுக்க இழுக்க
கொஞ்சம் கொஞ்சமாய் ஒப்புக்கொண்டது:
முதலில் ஒரு பஸ் யன்னல்,
மறுகா மஞ்சள் ஹெல்மெட்,
மறுகா அதன் கீழே, நகத்தளவு, சிரிக்கிற ஒருவன்.
இங்கே தாலி ஏறியது எட்டு ஐம்பத்திரண்டுக்கு.
அங்கே ஆறு இருபத்திரண்டு.
வேலைக்குப் போகிற பஸ்.

போனை எடுத்தேன்.
மாமியின் கை அந்தரத்தில் நின்றது
எதையோ ஏந்தி.
கையை வெட்டினால் தோள் கேட்கும்.
விரல்களை விரித்துவிட்டு
வேறொரு படத்திலிருந்து கொஞ்சம் அறுகரிசி அள்ளித் தூவினேன்.
இப்போது மாமி வாழ்த்துகிறா.
நான் செய்ததிலேயே சுத்தமான பொய் அது,
தையல் தெரியாது.

கண்களைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.
டிலக்சிகா, மாப்பிள்ளை,
எல்லாக் கலியாணத்திலும் கொட்டாவி விடுகிற சித்தப்பா கூட,
ஆக மொத்தம் பதினொரு பேர்
ஒருவரும் கமராவைப் பார்க்கவில்லை.
எல்லோரும் மாமியின் கையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
கோட் போட்ட நிரோஜன் மட்டும் நேரே பார்க்கிறான்,
விசா அதிகாரியைப் பார்ப்பதுபோல்.
சுகிர்தன் அண்ணனிடம் காட்டினேன்.
"இருபத்திரண்டு கண். கண்ணுக்கு எவ்வளவென்று கேட்பது?"
என்றவர் பிளேன்டீ குடிக்க இறங்கிப்போனார்.

அல்பம் போனது.
அக்கா பார்த்து அழுதா, முழுக் காசும் தந்தா,
ஒரு பை தோடம்பழமும்.

இந்தப் பங்குனியில் ஒருவர் படியேறி வந்தார்,
பாஸ்போர்ட் புதுப்பிக்கப் படம் வேண்டுமாம்.
கழுத்தைக் கண்டதும் தெரிந்துவிட்டது,
இரண்டு மணித்தியாலம் பழகிய கழுத்தல்லவா.
நெற்றியின் குறுக்கே ஹெல்மெட் போட்ட கோடு:
மேலே வெள்ளை, கீழே வெயில்.
பாஸ்போர்ட் படத்தில் எதையும் தொடக்கூடாது,
அதற்கு எங்களிடம் விலையே இல்லை.
வெள்ளைச் சுவரில் நிறுத்தி
"சிரிக்காதீங்க," என்றேன்.

சிரித்துவிட்டார்.
மறுபடி எடுத்தேன்.